பானைத் தலைக் கொடும்பாவி

அந்தக் கோடையில் எங்கள் காட்டு ஊற்று வற்றிவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்டிருந்த இளம் மிளகுக் கொடிகள் இலை சுருண்டு தொங்கின. பழைய கொடிகள் முன்பே பட்டுப்போயிருந்தன. இவையும் போனால் எங்களுக்கு வேறு வெள்ளாமை இல்லை. நானும் வீட்டுக்காரரும் பள்ளத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். எந்தக் கொடிக்கு ஊற்றுவது, எதை விடுவது என்று தினமும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

அப்போதுதான் எங்கள் ஊர்க் கட்சிக்காரர் வந்தார். எனக்கு அண்ணன் முறை.

"செம்மேட்டுல கூட்டம் தங்கச்சி. நாடகம் போடுறாங்க. ஒப்பாரி வெக்க ஆளு வேணும். நீதான் நல்லா அழுவியே."

"எனக்கு மேடையெல்லாம் ஆகாதுங்கண்ணா."

"வந்து அழுதுட்டுப் போ. மறுநாளே உங்க காட்டுக்குத் தண்ணி லாரி அனுப்புறேன்."

புது ஆட்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. சாவு வீட்டிலும், கொடும்பாவி இழுக்கும்போதும்தான் என் குரல் வெளியே வரும். மழை பொய்த்தால் வைக்கோலில் பொம்மை கட்டி, பிணம்போல இழுத்துக்கொண்டு, பெண்கள் மாரடித்து அழுதபடி போய் ஊர் எல்லையில் எரிப்போம். அதுதான் கொடும்பாவி. அழுதுவிட்டு எரிக்காமல் விட்டால் வருகிற மேகமும் திரும்பிவிடும் என்பார்கள்.

லாரியை நினைத்துச் சரி என்றேன்.

அது சிரிப்பு நாடகம். உலகம் சூடாகிறது என்று பயப்படுகிறவர்களைக் கிண்டல் செய்வது. கோட்டுப் போட்ட ஒருவர் ஆட்டின் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஆட்டுக்குக் காய்ச்சல்! உலகம் அழியப் போகுது!" என்று மேடையைச் சுற்றி ஓடினார்.

"மாடு ஏப்பம் விட்டா வானம் கெட்டுப்போவுதாமா. அதுக்குச் சீரகத் தண்ணி குடுங்கப்பா!" என்றார் இன்னொருவர்.

திடலே சிரித்தது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

கடைசியில், பூமி செத்துப்போனதாக ஒரு பொம்மையைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வைக்கோல் உடம்பு, பழைய சேலை, தலைக்கு உலகப்படம் வரைந்த மண்பானை. "அழும்மா" என்றார்கள். கூட்டத்தைப் பார்க்காமல் பொம்மையையே பார்த்து ஆரம்பித்தேன்.

"மழ வார வழி பாத்து மலையும் வெளுத்துருச்சே,
மொளவுக் கொடி எல்லாம் மூச்சடங்கிப் போகுதே..."

சிரித்தார்கள். "சூப்பரு! இன்னும் சத்தமா!" என்று ஒருவர் விசிலடித்தார். என் காடு காயுதே என்று சொன்னபோது இன்னும் சிரித்தார்கள். அதற்குமேல் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

கட்சி வேனில் ஏற்றி வந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கொடும்பாவிக்கு அழும்போது யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவராக எழுந்து மேடைக்குக் கீழே வந்து மாரடித்தார்கள். மற்ற ஊர்ப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரிப்பு அடங்கியது. கோட்டுக்காரர் தெர்மாமீட்டரைப் பிடித்தபடி நின்றார்.

மைக்கை அணைத்துவிட்டுப் பொம்மையை வேனில் போட்டார்கள். மறுநாள் பேளுக்குறிச்சியில் இதே நாடகம். பெண்கள் வேனை மறித்தார்கள்.

"ஏனுங்க, அழுத பொணத்த எரிக்காம எங்கீங்க கொண்டு போறீங்க?"

"அட, நாடகப் பொம்மை ஆத்தா!"

"எங்களுக்கு மழை வேணுமுங்க."

அண்ணன் என்னிடம் வந்தார். "நீ சொன்னா கேப்பாளுங்க. வேனை விடச் சொல்லு. உனக்குத் தண்ணி லாரி வேணுமா, வேண்டாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் காட்டிலும் கொடி காய்ந்துகொண்டிருந்தது. லாரி வந்தால் என் காட்டுக்கு மட்டும்தான் வரும். எனக்கு நாக்கு எழவில்லை. வேனுக்குள் கையை விட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

செம்மேட்டைத் தாண்டியதும் வரும் வளைவில் வைத்து எரித்தோம். பானை வெடித்தது. அழுதவர்கள் எல்லாம் மேலே பார்த்தோம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

லாரி வரவில்லை. காலையில் நானும் வீட்டுக்காரரும் பள்ளத்துக்கு இறங்கினோம். கிணற்றில் குடம் முழுகவில்லை. நான் உள்ளே இறங்கிச் செம்பால் மொண்டு கொடுத்தேன். பாதி சேறு.

"மேகம் ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டேன்.

அவர் அடுத்த குடத்துக்குக் கையை நீட்டினார்.