உபதேசியார் வீட்டு அரிசி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா என்னைப் பொய்க்காரி ஆக்கினார். வீட்டுக்குள் அப்படிச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலில், பாய் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். நான் சொன்னதோ அப்பட்டமான உண்மை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் ஒரு சின்ன ஊரில் அப்பா சபை உபதேசியார். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போன மறுவருஷம் மிஷன் பணமும் நின்றுபோனது. இனி உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சபைக்குக் கடிதம் வந்தது. கூரைக்கு ஓலை, விளக்குக்கு எண்ணெய், அப்பாவுக்குச் சம்பளம், இவ்வளவுதான் செலவு. வருமானம் என்று பார்த்தால் பிடியரிசி ஒன்றுதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துப் போட்டு, ஞாயிறன்று பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முன்பு அதை ஏலம் விட்டார்கள். இப்போது அதையே அப்பாவுக்குச் சம்பளமாக அளந்தார்கள்.

அந்தச் சம்பளத்தைத் தின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பச்சை, ரேஷன் கடைக் குறுணை எல்லாம் ஒரே பானையில் கிடக்கும். ஒன்று குழைந்துபோகும்போது இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் என் சோற்றைப் பார்த்தே நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். இந்த அழகில், சபை தந்த அந்த அரிசியிலிருந்தே அம்மா காலையில் ஒரு பிடியும் இரவில் ஒரு பிடியும் எடுத்து மறுபடி சபைக்கே சேர்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொருளாளர் தேங்காய் வியாபாரி. வரவு பெருக அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த வீட்டில் எத்தனை நாழி அரிசி என்று ஆராதனை முடிவில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பது. அவருடைய ஆறு நாழி முதலில் வரும். கொடுக்காத வீட்டுக்கு “இல்லை” என்று ஒரு இழுப்பு. தொடர்ந்து மூன்று வாரம் “இல்லை” வந்தால் சபைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்க வேண்டிய ஓலையைப் பிறகு அந்த வீட்டுக்கு வாசிக்கமாட்டார்கள், கல்லறைத் தோட்டத்தில் குழியும் கிடையாது. இல்லாதவர்களின் மானத்தை நாழியில் அளந்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அன்று எரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்பதுதான் அன்று என் கவலை.

கிணற்றடி வீட்டுச் சித்திக்கு இரண்டு வாரமாக “இல்லை”. சித்தி என்பது சும்மா கூப்பிடும் முறை, சொந்தம் கிடையாது. புருஷன் மலைக்காய்ச்சலில் போனபின் அந்த வீட்டில் மரச்சீனிக் கிழங்குதான் வெந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்க வேண்டும்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பையை நானே அளந்தேன். தலை தட்டி இரண்டு நாழி இருந்தது. காலையில் அம்மா அதை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே கிணற்றடி வழியாகக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

அளந்த பைகளை மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு பொருளாளர் வாசித்தார். கிணற்றடி வீடு, ஒன்றரை நாழி. கடைசியாக உபதேசியார் வீடு, அரை நாழி.

நான் எழுந்துவிட்டேன்.

“எங்க அம்ம ரெண்டு நாழி போட்டா. நானாக்கும் அளந்தேன். ஆரோ எங்க அரிசிய எடுத்து வேற பையில தட்டியிருக்கு!”

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பொருளாளர் சும்மா விடுகிற ஆளா? கிணற்றடி வீட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, எல்லோரும் பார்க்க உள்ளங்கையை விரித்தார். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பச்சை, குறுணை. ஊரில் அப்படிப்பட்ட அரிசி ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

“உபதேசியாரே, இது ஒம்ம வீட்டு அரிசியில்லா?”

அப்பா கிட்டே வந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இல்ல. எனக்க பிள்ள கள்ளம் சொல்லுது.”

கோயிலில் இருந்த அத்தனை பேரும் அந்த அரிசியைப் பார்த்தார்கள். அத்தனை பேர் வீட்டு அரிசியும் அதில் இருந்தது. பொருளாளர் கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு பிடியைப் பைக்குள் போட்டுவிட்டு நோட்டை மூடினார்.

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று எனக்கு மனப்பாடம் செய்வித்த மனிதர்! அப்பாவோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. அவரும் சமாதானத்துக்கு வரவில்லை. அம்மா மட்டும் ஒருநாள் தலை வாரிவிடும்போது, “ஒனக்கு எல்லாம் தெரிஞ்சாவணுமா மக்கா?” என்று கேட்டாள். தெரிந்தே ஆகவேண்டும் என்றேன். சிக்கெடுக்கிற சாக்கில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கப்பட்டது. அப்பாதான் வாசித்தார். கல்யாணத்தன்று சித்தி பந்தியிலிருந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“சித்திகிட்ட கோவப்படாத மக்கா.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ எடுத்துத் தட்டியதற்கு இவளிடம் எனக்கென்ன கோபம்? பாவம், யாரோ சொல்லி எதையோ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அவளைச் சமாதானப்படுத்த நினைத்து, முந்திரிக்கொத்தைக் கடித்தபடியே உறுதியாகச் சொன்னேன்.

“ஒங்கமேல கோவமே இல்ல சித்தி. எங்க அரிசிய எடுத்த ஆள மட்டும் நான் சும்ம விடமாட்டேன்.”