ஏழாவது ஸ்டிக்கருக்கு அடியில்

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரிந்துதான் சொல்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே சிரிக்கிற ஆள் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சிலிண்டர் சோதிக்கும் ஷெட்டில் வேலை. சோதித்ததும் ஸ்டிக்கர் எழுதி ஒட்டுவோம். மற்றவர்கள் மேலே பிள்ளையார் சுழி போடுவார்கள், நான் சின்னச் சிலுவை போடுவேன். ஷெட்டில் வேதக்காரி நான் ஒருத்திதான்.

அன்று காலை என் வீட்டுக்காரர் தாஸ் ஒரு டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடலுக்குள் இறங்கிக் கப்பலின் அடியைப் பார்க்கிற வேலை அவருக்கு. முதுகில் மாட்டும் காற்று டேங்க் அது. கான்ட்ராக்டர் எங்கோ பழையதாக வாங்கியது, எங்கள் ஷெட்டுக்கு அன்றுதான் முதல் தடவை வருகிறது.

"நாளைக்கு இத மாட்டிக்கினுதான் எறங்கணும், சீக்கிரம் முடிச்சுக்குடு எஸ்தரு."

டேங்கின் உடம்பெல்லாம் ஸ்டிக்கர், ஒன்றின் மேல் ஒன்று. அதையெல்லாம் உரித்து இரும்பைக் கண்ணால் பார்க்காமல் சோதனைக்கு ஏற்றக்கூடாது. வால்வைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, வெந்நீர்த் துணியைச் சுற்றி ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினேன், பசை பிசாசு மாதிரி பிடித்துக்கொண்டது, எண்ணெய் தடவித் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். ஏழு உரித்தாயிற்று. அதற்கும் அடியில் இன்னொன்று, நேற்று ஒட்டியதுபோல வெள்ளையாக.

மேலே சின்னச் சிலுவை. கீழே 'தாஸ்'. அதற்கும் கீழே 'ஓகே, எஸ்தர்'. என் கையெழுத்தேதான். 'தாஸ்' மேல் விரல் பட்டு மை இழுபட்டிருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னா வெளாட்றியா? எப்ப எழுதுன?"

"நான் எழுதலீங்க. ஏழு ஸ்டிக்கருக்கு அடியில நான் எப்படி எழுதறது?"

அதையும் பிய்த்தேன். அடியில் துரு, நகம் புதைகிற ஆழத்துக்கு. இனி யாரும் காற்று நிரப்பாதபடி டேங்கில் ஓட்டை போட்டுத் தூக்கிப் போட்டோம். கர்த்தர்தான் கண்ணில் காட்டினார் என்று அங்கேயே அழுதேன்.

மறுநாள் கான்ட்ராக்டர் புத்தம்புது டேங்க் அனுப்பினார். இரண்டு தடவை சோதித்தேன், குறையே இல்லை. சிலுவை போட்டு, பெயர் எழுதி, ஓகே போட்டு எடுக்கும்போது விரல் பட்டுவிட்டது. 'தாஸ்' மேல் மை இழுபட்டது.

முந்தின நாள் பிய்த்த ஸ்டிக்கர் என் டிபன் பையில் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. அப்படியானால் அது எந்த டேங்கைப் பற்றிச் சொன்னது?

அவரிடம் சொன்னால், "அதான் அந்த டேங்க ஒழிச்சாச்சே, இன்னும் இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?" என்று புது ஸ்டிக்கரைத் தானே வாங்கிப் புது டேங்கில் ஒட்டிக்கொண்டு போனார்.

இன்றைக்கும் அந்த டேங்கை மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார். கூட வேலை செய்கிறவர்கள் கண்ட ஸ்டிக்கரையும் நான் எழுதியதன் மேலேயே ஒட்டுகிறார்கள், சொன்னாலும் கேட்பதில்லை. போன வாரம் எண்ணிப் பார்த்தேன், ஆறு ஆகிவிட்டது. உரித்துவிடலாம் என்று துணியை நனைத்து எடுப்பேன். அடியில் இரும்பு எப்படி இருக்குமோ என்று நினைத்ததும் கை நின்றுவிடுகிறது.