குங்குமப் பொட்டுக் கண்ணாடி

துவக்கு வாங்கப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது நான் பருப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்ட அதிர்ச்சியில் இரண்டாம் தரமும் போட்டுவிட்டேன். அந்தப் பருப்பை இருவருமே வாயில் வைக்கவில்லை.

"உமக்கென்ன விசரே?" என்றேன்.

"வேட்டைச் சோதினை பாஸ் பண்ணிட்டன். முதலே சொன்னா இப்பிடித்தான் கத்துவியள் எண்டு தெரியும்."

அந்த வசந்தம் முழுக்க மாலை வகுப்புக்குப் போய்வந்தாள். மொழி வகுப்பு என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டாயிரத்தின் முதல் வருடங்கள் அவை. நாங்கள் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் நாலாம் மாடியில் குடியிருந்தோம். அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தாள். அங்கே அவளோடு வேலை செய்த நோர்வேக்காரி ஒருத்தி, இலையுதிர் காலம் வந்தால் ஏழு பேர் கொண்ட வேட்டைக் குழுவுக்குத் தலைவியாகிவிடுவாள். குதிரையைவிட உயரமாய் நிற்குமே எல்க் என்கிற மான், அதை வேட்டையாடும் குழு. என் மனைவி இரண்டு வருடமாய் அவர்களோடு போய், காட்டில் நடந்து, நெருப்பு மூட்டிக் கோப்பி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தவள். இப்போது ஒருவர் ஊர் மாறிப் போக, ஓர் இடம் காலியாகியிருந்தது. ஒரு வருடம் வந்து பார், பிறகு எல்லோருமாய் முடிவெடுப்போம் என்று தலைவி சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் என் மனைவிக்கு இருந்த ஆசையை, எங்கள் கலியாணத்தில்கூட அவள் முகத்தில் நான் கண்டதில்லை.

எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் நான் துவக்கைக் கண்டால் ஓடுகிற பக்கத்தில் நின்றவன். அதை வைத்திருந்தவன் எந்த உடுப்புப் போட்டிருந்தான் என்று நின்று பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. அவளும் ஓடியவள்தான். பிறகு ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"பயந்து பயந்து களைச்சுப் போனன்," என்றாள். "எப்பவும் மற்ற ஆக்களின்ரை கையிலைதானே அது இருந்தது. ஒருக்கா என்ரை கையிலை இருக்கட்டும். அது என்னெண்டு பாப்பம்."

பதில் இல்லாத இடத்தில் நான் கட்சி மாறுகிறவன். அந்த மாதம் எங்கள் கட்டடத்தின் நிலவறையை யாரோ உடைத்து, சைக்கிளையும் இரண்டு சூட்கேசையும் கொண்டுபோயிருந்தார்கள். துவக்கு வரத்தான் போகிறதென்றால் வீட்டுக் காவலுக்கும் ஆகட்டுமே என்று யோசித்தேன். அடுத்த நாளே அவளைவிட எனக்குத்தான் அவசரம்.

பொலிஸ் அனுமதி வந்தது. தலைவியின் சொந்தக்காரர் ஒருவரின் பழைய துவக்கும் வந்தது. அதற்கு மேலே பூட்டும் குறிபார்க்கும் கண்ணாடி மட்டும் இல்லை. ஒரு சனிக்கிழமை, நகரத்தில் வேட்டைச் சாமான் விற்கும் கடைக்கு இருவரும் போனோம். சிவந்த தாடிக்காரன் ஒருவன் கோப்பிக் குவளையோடு வந்தான். அவள் வாய் திறக்க முதல் நான் என் மிகத் திறமான நோர்வேஜிய மொழியில் கேட்டேன்: "இருட்டில் வீட்டுக்குள் கள்ளன் வந்தால் சுடுவதற்கு எந்தக் கண்ணாடி நல்லது?"

அவன் குவளையை மேசையில் வைத்தான். என் மனைவி என் காலை மிதித்தாள். சப்பாத்தோடு.

"இந்த நாட்டில் துவக்கு வேட்டைக்கு, அல்லது போட்டிக்கு," என்றான் மரியாதையாகவே. "வீட்டுக்கு நல்ல பூட்டு வாங்குங்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை இருக்கிறது."

அவள் தன் வேட்டை அட்டையையும் அனுமதிப் பத்திரத்தையும் எடுத்துக் காட்டி, இவர் பகிடி விடுகிறார் என்று சமாளித்தாள். அதன் பிறகு அவன் என்னைப் பார்த்துக் கதைக்கவேயில்லை. அவளை மட்டும் விசாரித்தான். எந்த மாதிரிக் காடு, எவ்வளவு தூரத்தில் மிருகம் வரும், மூக்குக்கண்ணாடி போடுவீர்களா? பிறகு இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று என் முழங்கை நீளம், பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டக்கூடியது. மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் குழாய். அது எதையும் பெரிதாக்காது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும்.

எங்கள் ஆட்களுக்கு எதிலும் பெரியதுதான் கண்ணில் படும். சோறு அவிக்கும் பானையிலிருந்து ரீவி வரைக்கும் அப்படித்தான். நீளமானதைத் தூக்கி யன்னலால் எதிரே இருந்த பஸ் தரிப்பைப் பார்த்தேன். அங்கே நின்றவரின் கோட்டுப் பொத்தானில் நூல் விட்டிருந்ததுகூடத் தெரிந்தது.

"இதுதான்," என்றேன். "மற்றது சும்மா கண்ணாடித் துண்டு."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னதை இரண்டு கண்ணும் திறந்தபடி அதிக நேரம் வைத்திருந்தாள்.

"குங்குமப் பொட்டு வைச்ச மாதிரி இருக்கப்பா," என்றாள். "உங்கடை பெரிசிலை அந்த மனிசன்ரை பொத்தான் மட்டும் தெரியுது. இதிலை அவருக்குப் பின்னாலை ஒரு பொம்பிளை, பிள்ளை வண்டிலோடை நிக்கிறதும் தெரியுது."

"எல்க் பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டே வரப்போகுது?"

அவள் சிரிக்கவில்லை. சின்னதை வாங்கினாள். ரயிலில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அவள் மடியில் பெட்டியை வைத்து, அதன் கையேட்டை மூன்று தரம் வாசித்தாள்.

துவக்கை வைக்கும் இரும்பு அலுமாரியை, களஞ்சிய அறைச் சுவரில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஆணி அறைந்து பூட்டினோம். சாவியால் அடுத்த சண்டை வந்தது. அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

"வீட்டுக்காரனுக்குச் சாவி இல்லையோ? கள்ளன் வந்தா?"

"நீங்கள் சாவி தேடி, அலுமாரி திறந்து, தோட்டா எடுத்துப் போட முதல், கள்ளன் தேத்தண்ணி குடிச்சுக் கோப்பையும் கழுவி வைச்சிட்டுப் போயிடுவான்," என்றாள். சாவியை எங்கே ஒளித்தாள் என்று கோடை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

அந்தக் கோடையில் அவள் பழகிய பழக்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். வேலையால் வந்து, வீடு கூட்டும் தும்புத்தடியைத் தோளில் அணைத்தபடி வரவேற்பறையில் நிற்பாள். மூச்சை விடுவாள், பாதி மூச்சில் நிறுத்துவாள், விரலை மெல்ல மடக்குவாள். சனிக்கிழமைகளில் சுடும் திடலுக்குப் போய் வருவாள். பெரிய மிருக வேட்டைக்கு வருடந்தோறும் ஒரு சுடுதல் சோதனை உண்டு. நூறு மீற்றர் தூரத்தில் மிருகத்தின் உருவம் வரைந்த தாள், ஐந்து வெடி, ஐந்தும் வட்டத்துக்குள் விழ வேண்டும். முதல் தரம் அவளுக்கு நாலுதான் விழுந்தது.

"பாத்தீரோ! பெரிசை வாங்கியிருந்தா..."

"கண்ணாடியிலை பிழை இல்லை. நாலாவதுக்கு விசையை வெடுக்கெண்டு இழுத்துப்போட்டன்."

சாட்டுச் சொல்லாமல் தன் பிழையைத் தானே இன்ன வெடி என்று எண்ணிச் சொல்கிற ஆளை நான் வேறு கண்டதில்லை. அடுத்த கிழமை ஐந்தும் உள்ளே விழுந்தன. அந்தத் தாளை நான்தான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

ஒக்டோபரில் வேட்டை தொடங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. எல்க் சுடப் போகிறவள், வெள்ளி விரதம் என்று புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தாள். ஒஸ்லோவுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம். ஒவ்வொருவருக்கும் காட்டில் ஓர் இடம் குறித்துக் கொடுத்தார்கள். அவளுடைய இடம் ஒரு சதுப்பு நிலத்தின் ஓரம். விருந்தாளியாக நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். எல்லோர் தலையிலும் செம்மஞ்சள் தொப்பி. தலைவியின் தம்பி நாயோடு காட்டுக்குள் இறங்கி மிருகத்தைக் கிளப்புவார் என்றார்கள்.

மூன்று மணித்தியாலம் வாய் மூடி இருந்தேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. பிறகு தூரத்தில் நாய் குரைத்தது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கிடையிலிருந்து ஓர் ஆண் எல்க் வெளியே வந்து, எங்களுக்கு அறுபது எழுபது மீற்றரில் விலாவைக் காட்டியபடி நின்றது. அவ்வளவு பெரிய உயிர் அவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அவள் துவக்கைத் தோளில் வைத்தாள். பாதுகாப்புப் பூட்டு 'டிக்' என்று திறந்தது. துவக்கைக் கண்டால் ஓடுகிற எனக்கு அந்த நேரம் என்ன நடந்ததென்று தெரியவில்லை. பயம் போய்விட்டது. அது விழ வேண்டும், இப்போதே விழ வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"சுடும்," என்றேன் அடிக்குரலில். "சுடும், சுடும்!"

மீண்டும் 'டிக்.' அவள் பூட்டைப் போட்டுத் துவக்கை இறக்கினாள். எல்க் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

"பயந்திட்டீரோ?" என்றேன். வேறு எந்தச் சொல்லும் எனக்கு வரவில்லை. அவள் என்னிடம் நம்பிச் சொன்ன சொல்லையே எடுத்து அவள்மேல் எறிந்தேன்.

அவள் வானொலிக் கருவியில் நோர்வேஜிய மொழியில் மெல்லக் கதைத்தாள்: "எனக்கு நேர் எதிரே சரிவில் ஓர் ஆள் நிற்கிறார்."

எல்க் நின்ற இடத்துக்குப் பின்னால், பற்றைகளை விலக்கிக்கொண்டு செம்மஞ்சள் தொப்பியோடு தலைவியின் தம்பி வந்தார். நாயைத் தொடர்ந்து ஓடியதில் வழி மாறியிருந்தார். அவருடைய கருவியின் பற்றரி இறந்துபோயிருந்தது. எங்களைக் கண்டு கையை ஆட்டினார்.

"கண்டனீரோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு பொட்டுத் தெரிஞ்சது," என்றாள். "ஒண்டு என்ரை. மற்றது என்னெண்டு முதலிலை தெரியேல்லை. தெரியாட்டிச் சுடக் கூடாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாங்கிய கண்ணாடியைப் பிறகு பலரிடம் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. என் கண்ணுக்கு முன்னால் எந்தக் கண்ணாடியும் இருக்கவில்லை. காடு முழுவதும் எனக்கும் திறந்துதான் கிடந்தது. எனக்குக் கொம்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மத்தியானம் நெருப்பைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். அவ்வளவு கிட்ட நின்றதை ஏன் விட்டாய் என்று ஒருவர் கேட்டார். தன் இடம் போய்விட்டது என்று அவள் நினைத்ததை அவள் முகத்தில் கண்டேன். அவள் சுருக்கமாகச் சொன்னாள், தம்பிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்று, "சுடச் சொன்னது நான். இவள் கேட்கவில்லை," என்றேன். தலைவி அவளுடைய குவளையை வாங்கிக் கோப்பி நிரப்பிக் கொடுத்து, "அடுத்த வருடமும் சதுப்போரம் உன்னுடையது," என்றாள். முடிவெடுக்க அவர்கள் கூடிக் கதைக்கவேயில்லை. அப்போதுதான் என் மனைவி அழுதாள்.

வீட்டுக்கு வந்து துவக்கைத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி கையில் இருந்தது.

"எங்கை வைக்கிறனான் எண்டு சொல்லட்டே?" என்றாள்.

"வேண்டாம்," என்றேன்.

அன்று காலை துவக்கு என் கையில் இருந்திருந்தால், அந்த மனிதர் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.