இடது பக்கம் இன்னும் கொஞ்சம்

1. இரண்டு பற்றரி

அவரை நான் முதன்முதலாகச் சந்தித்த பிற்பகலில் அவர் இடுப்பில் மாட்டும் ரிசீவரில் பற்றரி செத்துக் கிடந்தது. மொன்றியலில் சென்-லோரன் தெருவில் ஒரு சின்னக் கிளப். அமெரிக்காவிலிருந்து ஒரு ராப் பாடகர் வந்திருந்தார். அவரை இங்கே அப்போது யாருக்கும் தெரியாது. நான் மூலையில் இருந்த டெப்பனருக்கு, எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை மாதிரி, ஓடிப்போய் இரண்டு பற்றரி வாங்கி வந்து போட்டேன். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். வக்கீல் கடிதம் வாங்கும் வயது எனக்கு இல்லை. நாங்கள் 'பொஸ்' என்றுதான் கூப்பிடுவோம்.

ஒலிச் சாமான்களை வாடகைக்கு விடும் ரவி அண்ணையிடம் அப்போது வேலை செய்தேன். டொலார்டில் கல்யாணம், புரோசார்டில் பிறந்தநாள், இடையில் கோயில் திருவிழா. எங்கே போனாலும் என் வேலை மொனிட்டர். சனத்துக்குக் கேட்கும் சத்தத்தை ஒருவர் பார்ப்பார். அந்த ரிசீவரிலிருந்து இன்-இயர் என்ற காதுச் செருகி வழியாகப் பாடுகிறவரின் காதுக்குள் போகும் சத்தத்தை இன்னொருவர் பார்ப்பார். அந்த இரண்டாவது ஆள் நான். மேடையின் ஓரத்தில், இருட்டில் நிற்பவன்.

ரவி அண்ணை எனக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு விதிதான்.

"மேடையில நிக்கிறவர் கூட்டு எண்டாக் கூட்டு. குறை எண்டாக் குறை. ஏன் எண்டு கேளாதை. அவற்ற காதுக்குள்ள நீ இருக்கேல்லை."

அன்றைக்குக் கிளப்பில் பொஸ் பாட்டின் நடுவில் என் பக்கம் திரும்பி, இடது காதைத் தொட்டு, பெருவிரலை உயர்த்தினார். இடது பக்கம் கூட்டு என்று அர்த்தம். அவர் கையைக் கீழே போடுமுன் நான் கூட்டிவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் வந்து முதுகில் தட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதுகிறேன். என் மண்டைக்குள் அவர் அப்படித்தான் கதைக்கிறார்.

"நான் நினைக்கமுதல் நீ செய்யிறாய். நாளைக்கு ரொறன்ரோவுக்கு வாறியோ?"

போனேன். ஆறு வருஷம் அவரோடு சுற்றினேன்.

2. லிமிட்டர்

கிளப் போய் மண்டபம் வந்தது, மண்டபம் போய் அரீனா வந்தது. பாட்டு ஒவ்வொன்றும் ஏறியது. இருபதாயிரம் பேர் அவருடைய வரிகளை அவருக்கே திருப்பிப் பாடினார்கள். அந்த வேலையால்தான் டொலார்டில் வீடு வாங்கினோம். மொன்றியலுக்கு வரும்போது முருகன் கோயிலுக்கு, மேடைக்குப் பின்னால் போகவிடும் டூர் பாஸைக் கழுத்தில் மாட்டியபடி போயிருக்கிறேன். மறந்து மாட்டிக்கொண்டு வந்ததுபோல ஒரு பாவனை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அரீனாவில் சனத்தின் இரைச்சல் இன்-இயரையும் தாண்டி உள்ளே வரும். அதனால் பொஸ் இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று காட்டிக்கொண்டே இருந்தார். ரிசீவரில் லிமிட்டர் என்று ஒன்று உண்டு. ஓர் அளவுக்கு மேல் சத்தம் காதுக்குள் போகாமல் அது அமுக்கிப் பிடிக்கும். மைக் கீழே விழுந்தாலும் காது தப்பும். ஒருநாள் சவுண்ட் செக்கில் அவர் ரிசீவரைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"இது என்ர பாட்டை நசுக்குது. லிமிட்டரை எடு."

"அது காதுக்குக் கூடாது, பொஸ்."

"காது ஆற்ற? என்ர காதெல்லோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே லிமிட்டரை ஓஃப் பண்ணினேன். நான் சொன்ன மறுப்பு அந்த ஒரு வரிதான். அதுவும் பாதி வாய்க்குள்.

3. ஷோ ஃபைல்

மொனிட்டர் பார்ப்பவர் பாடகரின் காதுக்குள் போகும் அதே கலவையைத் தன் காதிலும் போட்டுக் கேட்பார். அதுதான் எங்கள் வேலைமுறை. கடைசி வருஷத்தில் ஒரு பிற்பகல் அப்படிக் கேட்டபோது, அவருடைய குரல் முழுவதும் எனக்கு இடது காதில் மட்டும் அறைந்தது. பொறுக்க முடியாமல் இடது பக்கத்தைப் பிடுங்கி எறிந்தேன். பொஸ் மேடையில் நின்று "இப்ப சரி, நடுவில நிக்குது" என்றார்.

எனக்கு முழுக்க இடது பக்கம் கேட்பது அவருக்கு நடுவில் கேட்கிறது என்றால், அவருடைய இடது காது போய்க்கொண்டிருக்கிறது.

டெஸ்க்கில், சத்தங்களைக் கலக்கும் அந்த மேசையில், ஊருக்கு ஒரு ஷோ ஃபைல் சேமிப்போம். அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஃபேடர் எங்கே நின்றது என்பது அதில் இருக்கும். பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். லிமிட்டரைக் கழற்றிய ஊரிலிருந்து இடது பக்கம் ஊருக்கு ஊர் ஏறியிருந்தது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம்; அதனால்தான் தினமும் கேட்ட என் காதுக்கும் அது தெரியவில்லை. எந்த டொக்டரிடமும் இல்லாத ரிப்போர்ட். அதை எழுதியது என் கை.

உடனே சொல்லவில்லை. சொன்னால் டூர் நிற்கும், ஐம்பது பேருக்கு வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. என் கழுத்திலிருந்த டூர் பாஸ் போய்விடும் என்று பயந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் பொஸ்ஸின் மனேஜரிடம் போய் ஃபைல்களைக் காட்டினேன். அவர் ஒரு பெண், தன்மையாகக் கதைப்பவர்.

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"நல்லது. நீர் களைச்சுப் போனீர். வீட்டை போய் ஆறும்."

மறுநாள் மொன்றியலுக்கு டிக்கெட் வந்தது. பொஸ்ஸைப் பார்க்க விடவில்லை. எனக்குப் பதிலாக வேறொருவர் டெஸ்க்கில் நின்றார். டூர் நடந்தது.

4. மறுபடி இரண்டு பற்றரி

இந்த வருஷம் அவர் இங்கே அரீனாவுக்கு வந்தார். உள்ளூர் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். வேலை, ரிசீவருக்குப் பற்றரி மாற்றி இடுப்பில் மாட்டிவிடுவது. அவ்வளவு தூரம் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றேன்.

என்னைக் கண்டதும் பொஸ் கட்டிப்பிடித்தார். பிறகு என்னைத் தன் முன்னால், வெளிச்சம் முகத்தில் படும்படி நிறுத்தினார். என் உதடுகளைப் பார்த்தபடி நின்றார். நான் ரிசீவரைத் திறக்கப் போக, என் கையைப் பிடித்தார்.

"விடு. ரெண்டு காதும் போச்சு, அது ஓஃப்லதான் இருக்கும். பற்றரியை வீணாக்காதை."

"அப்ப எப்பிடிப் பாடுறீங்கள்?"

"முன்னமே பதிஞ்ச குரல் ட்ராக்கில போகுது. டிஜே கையைக் காட்டுவான். நான் வாயசைப்பன்."

"பிறகேன் மாட்டுறீங்கள்?"

"சனம் பாக்குமெல்லோ."

என் உதடுகளை அவர் வாசிக்கும்படி மெதுவாகச் சொன்னேன். ஷோ ஃபைலில் கண்டது, இரண்டு மாதம் வாயைத் திறக்காதது, பிறகு மனேஜரிடம் போனது, எல்லாம்.

"நீ அலுத்துப்போய் விட்டிட்டுப் போனாய் எண்டெல்லோ அவ சொன்னவ" என்றார். பிறகு கேட்டார்.

"அந்த ரெண்டு மாசத்தில எத்தினை ஷோ?"

"இருபத்தாறு."

யோசிக்காமலே சொன்னேன். அந்த எண்ணை நான் எப்போதோ எண்ணி வைத்திருந்தேன். அவர் தலையாட்டினார். ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி, தானே இடுப்பில் மாட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டாவது பாட்டில் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். இடது காதைத் தொட்டுப் பெருவிரலை உயர்த்தினார். டெஸ்க்கில் இப்போது மொனிட்டர் பார்க்கும் பெண் உடனே ஃபேடரைக் கூட்டினார்.

"ரிசீவர் ஓஃப்ல இருக்கெல்லோ?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆனா கூட்டுறனோ எண்டு அவர் பாப்பார்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். லிமிட்டரைக் கழற்றாதீர்கள். கழற்றத்தான் வேண்டும் என்று பாடகர் நின்றால், கழுத்திலிருக்கும் பாஸைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ரவி அண்ணை சொன்ன விதி அரை விதி. முடியாது என்று சொல்வதும் உங்கள் வேலைதான். அதைச் சொல்ல எனக்கு இருபத்தாறு மாலைகள் கிடைத்தன. இருபத்தாறிலும் நான் இடது பக்கம் கூட்டினேன்.