கொதிகலனில் கசிவு இல்லை

என் தம்பி வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இடது காது கேட்காமலேயே பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம். நிலக்கரி இறக்கும் தொழிலாளர்களின் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு எழுதி, முழு உதவித்தொகையோடு இடம் வாங்கினான். அங்கே மின்சாரச் சந்தையும் சுற்றுச்சூழல் கொள்கையும் எடுத்துப் படித்த பதினெட்டுப் பேரில் தங்கப் பதக்கம் அவனுக்குத்தான். இதில் எதையும் யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, அவர் உதட்டையும் பார்த்துப் பார்த்துப் படித்தவன்.

இன்னொரு வெற்றியும் உண்டு. அதில் எனக்கும் பங்கு இருப்பதால் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவள். அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பதிவேடு எழுதுகிறேன். மணிக்கு ஒரு தடவை கொதிகலனின் அழுத்தம், நீர்மட்டம், வெப்பம். பதினான்கு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூட மானியைப் பார்க்காமல் நிரப்பியதில்லை.

தம்பியின் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஆறு அணிகள், ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு மின் நிலையம். எவ்வளவு மின்சாரம், என்ன விலைக்குத் தருவோம் என்று தினமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிக லாபம் பார்க்கிற அணிக்குக் கோப்பை. இவனுக்குக் கிடைத்தது, மின்சாரம் எடுக்கும் யூனிட் பெரியதொன்றும் சின்னதொன்றுமாக இருந்த ஓட்டை நிலக்கரி நிலையம். மூன்றாம் நாள் கடைசி இடத்தில் இருந்தபோது எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, ஒரு யூனிட்ட திடீர்னு நிறுத்தணும்னா என்ன காரணம் எழுதுவீங்க?"

"குழாய்க் கசிவுதான். ஆற வைக்கணும், வெல்டு வைக்கணும், திரும்பச் சூடேத்தணும். மூணு நாள் ஆயிடும்."

"வெளியில இருந்து பாத்தா தெரியுமா?"

"உள்ள எறங்கிப் பாத்தாத்தான் தெரியும். எதுக்குடா?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கத்தான்."

மறுநாள் தன் பெரிய யூனிட்டில் கசிவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வந்து விலை நாலு மடங்கு ஏறியது. மிச்சமிருந்த சின்ன யூனிட்டை வைத்தே எல்லோரையும் முந்திவிட்டான். போதாததற்கு, அந்த மூன்று நாளும் புகை குறைந்தது என்று மாசுக் குறைப்புச் சான்றிதழும் கேட்டு வாங்கினான். பேராசிரியர் கைதட்டினாராம். கோப்பையின் படத்தை நான் கட்டுப்பாட்டு அறை முழுக்கக் காட்டி, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நம்ம கசிவ வச்சே குச்சி கப் அடிச்சுட்டான் பாரும்மா" என்று ஷிப்ட் இன்ஜினியர் சிரித்தார். ஒல்லியாக இருப்பதால் தம்பிக்கு அந்தப் பெயர். நானும் சிரித்தேன்.

படிப்பு முடிந்ததும் எங்கள் நிறுவனமே அவனை எடுத்துக்கொண்டது. மின்சார விற்பனைப் பிரிவில் அதிகாரி. நாலு மாதம் பயிற்சி. அது முடிந்த மறுநாளே ஒரு தாளோடு கட்டுப்பாட்டு அறைக்கு வந்தான். வெயில் உச்சத்தில் இருந்த வாரம். இரண்டாம் யூனிட், குழாய்க் கசிவு, மூன்று நாள் நிறுத்தம் என்று தாளில் இருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி.

"எங்கடா கசிவு?" என்றேன்.

"அக்கா, இங்க 'டா' வேணாம்."

"சரிங்க சார். எங்க கசிவு?"

இன்ஜினியர் பேனல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி கிட்டே வந்து வலது காதை என் பக்கம் திருப்பினான்.

"மேல இருந்து வந்துடுச்சுக்கா. நான் போடலன்னா இன்னொருத்தன் போடுவான்."

"மூணு நாள் நின்னா ஒப்பந்த ஆளுங்க நாப்பது பேருக்கு வேல இல்ல. மொதல்ல நம்ம குடியிருப்புக்குத்தான் கரண்ட்ட வெட்டுவாங்க. மோட்டார் ஓடாது, தண்ணி ஏறாது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"உன் பதிவேட்டுல காலையிலேர்ந்து நீர்மட்டம் கொறைஞ்ச மாதிரி நாலு கட்டம் மாத்தி எழுதிக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"இதுக்குத்தான் அன்னிக்குப் போன் பண்ணியா?"

"அது வெளையாட்டுக்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

எழுந்து போய் மானிகளைப் பார்த்துவிட்டு வந்து பத்து மணிக்கான வரியை எழுதினேன். அழுத்தம் சரி. நீர்மட்டம் சரி. கசிவு இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது மணி வரிகள் அதற்கு மேலேயே இருந்தன. பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தத் தாளை அப்படியே திருப்பி அனுப்ப அவனுக்கு அந்த நாலு வரி போதும். என் வேலை போனாலும் சாட்சி சொல்ல நான் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

நாலு வரியையும் விரல் வைத்து நிதானமாகப் படித்தான். படிப்பதில் அவனுக்கு என்றைக்கும் குறை இருந்ததில்லை. படித்துவிட்டு என் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினான்.

அதிகாரியாக அவன் தன் பெயரை முதன்முதலில் கையெழுத்திட்டது அந்தத் தாளில்தான்: 2016 மே 17, செவ்வாய்க்கிழமை.