கண்ணுக்குக் கீழே கொஞ்சம் பிரச்சினை

கண்ணிமை ஆபரேஷன் செய்கிற கிளினிக்கில் மிஸியாக, அதாவது நர்ஸாக இருந்தால், யாரைப் பார்த்தாலும் பார்வை முதலில் அவர்கள் கண்ணுக்குக் கீழேதான் போகும். எல்.ஆர்.டி. ரயிலிலும் கோயிலிலும்கூட இதே கதைதான். பங்சாரில் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. போன் அடித்தால் நெஞ்சும் சேர்ந்து அடிக்கும். மனுஷர்களோடு மல்லுக்கட்டும் வேலையில் இருப்பவர்களே, உங்களுக்கு இது புரியும்.

தூங்கினாலும் போகாது

சாந்தி அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஆபீஸ் வரவேற்பில் வேலை பார்க்கிறார். ஐம்பது தாண்டியவர். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் பை மாதிரி வீக்கம். வயசானால் கீழிமை தளர்ந்து, உள்ளே இருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வரும். தூங்கினாலும் போகாது, வெள்ளரிக்காய் வைத்தாலும் போகாது. ஏன் இப்போது ஆபரேஷன் என்று டாக்டர் கேட்டதும், அக்கா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"வர்றவங்க எல்லாம், 'என்னக்கா, ராத்திரி தூங்கலையா?'ன்னு கேக்குறாங்க டாக்டர். நல்லாத் தூங்கினேன், நல்லாத் தூங்கினேன்னு பதில் சொல்லியே களைச்சிப் போயிட்டேன் லா!"

கறுப்புக் கண்ணாடி

கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமால் பாஸ், ஆபரேஷன் விஷயத்தை மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். கண்ணைச் சுற்றி நீலம் பாரிக்கும், வீட்டிலேயே இருங்கள், குனியாதீர்கள் என்று சொல்லி அனுப்பினோம். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார். குழம்பு ஆவியில் கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைத்தார். மொத்தக் கடையும் பார்த்துவிட்டது. பாஸை வீட்டம்மா அடித்துவிட்டார் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

தையல் பிரிக்க வந்தபோது மனைவியும் கூடவே வந்தார், முகம் கடுகடுவென்று. "உண்மையைச் சொல்லிடலாமே பாஸ்?" என்றேன். மனைவி பக்கம் திரும்பாமலே பாஸ் சொன்னார்: "அடிச்சதாவே இருக்கட்டும் மிஸி. அழகுக்குப் பண்ணிக்கிட்டேன்னு தெரிஞ்சா மேசைக்கு மேசை சிரிப்பானுங்க!"

சிரித்தாலும் கண்ணீர்

கேரி தீவிலிருந்து முனியம்மா ஆன்டியை மருமகள் கலா கூட்டிவந்தாள். ஆன்டிக்கு வயசில் கீழிமை தளர்ந்து வெளிப்பக்கம் மடங்கியிருந்தது. கண்ணீர் உள்ளே வடியாமல் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். சிரித்தாலும் அழுகிற மாதிரிதான் தெரியும். மாமியாரைக் கொடுமைப்படுத்துகிறாள் என்று அக்கம்பக்கம் கலாவை முறைத்தது. நாத்தனார் பேசுவதையே நிறுத்திவிட்டாள். "என் மருமக தங்கம்" என்று ஆன்டி எல்லாரிடமும் சொல்வாராம். கண்ணீர் வழிய வழியச் சொன்னால் யார் நம்புவார்கள்?

டாக்டர் இமையை இறுக்கித் தைத்தார். சில வாரம் கழித்துக் காட்ட வந்தபோது ஆன்டியின் கன்னம் காய்ந்திருந்தது. நாத்தனாரும் வந்திருந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. கலா அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்: "இனிமே அத்தை அழுதா அதுக்கு நான்தான் காரணம். தைரியமா வந்து கேளுங்க!"

சாயங்காலத்து போன்

செராஸில் இருக்கும் சுந்தரம் அங்கிள் ஓய்வுபெற்ற ஆசிரியர். அன்று காலையில் இரண்டு கீழிமையிலும் பை எடுத்து மகளோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். கிளினிக் மூடும் நேரத்தில் நான் போன் செய்தேன். "நல்லா இருக்கேன்மா" என்றார். குரல் சரியில்லை. வலி இருக்கா என்று கேட்டேன்.

"வலது கண்ணு தெறிக்குது."

"பார்வை?"

"டிவி மங்கலாத் தெரியுதும்மா" என்றார்.

கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கி அழுத்தினால் பார்வையே போய்விடலாம். "மகளை வண்டி எடுக்கச் சொல்லுங்க அங்கிள். பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. இப்பவே!" என்று கத்தினேன். டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுக் காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் ஜாம். இறங்கி ஓடலாமா என்றுகூடத் தோன்றியது.

நாங்கள் போய்ச் சேருமுன்பே, அங்கிருந்த டாக்டர் இமை ஓரத்தை வெட்டி அழுத்தத்தைக் குறைத்திருந்தார். எங்கள் டாக்டர் உள்ளே போய் ரத்தக் கசிவை நிறுத்தினார். நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் அங்கிள் வலது கண்ணால் என்னைப் பார்த்து, "மிஸிதானே?" என்று கேட்டதும் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நீங்க ஏன் அங்கிள் போன் பண்ணலை?" என்றேன்.

"கிளினிக் மூடுற நேரமாச்சே. உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்தேன்மா."

இமையைச் சரிசெய்ய டாக்டருக்கு ஒரு மணி நேரம் போதும், அதற்கு முன்னாலும் பின்னாலும் இவர்களை வாய் திறக்க வைப்பதற்குத்தான் என் ஆயுசு போகிறது.