கிருமிக்கு ஒரு நாள் லீவு

கிருமியைக் கொல்வது எங்கள் தொழில். ஆனால் முதலில் அதற்குச் சோறு போட்டு, சூடு காட்டி, சொகுசாக வளர்த்தாக வேண்டும். ஆராய்ச்சி என்று போய் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, இந்தக் கொடுமை உங்களுக்குத்தான் புரியும். நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளுக்கு வெளியே ஒரு முரட்டு உறை உண்டு. அதை இளக்கிவிட்டால் பழைய மருந்தே உள்ளே புகுந்து வேலையை முடித்துவிடும். இளக்கும் ரசாயனம் எது என்று நம்பர் போட்டு ஒவ்வொன்றாகச் சோதித்ததில் எனக்கு மூன்று வருடமும் தலைமுடியில் பாதியும் போய்விட்டன.

பெண் பார்க்க வந்தார்கள்

அறந்தாங்கியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை துபாயில் இருந்ததால் அவருடைய அம்மாதான் கேள்வி கேட்டார். "என்ன வேலைம்மா பாக்குறே?" என்றதும், "கிருமி வளக்குறேங்க" என்று உளறிவிட்டேன். "வளத்துக் கொன்னுருவாங்க" என்று என் அம்மா அவசரமாகச் சேர்த்தது காரியத்தை இன்னும் கெடுத்தது. அந்த அம்மாள் கேசரித் தட்டை மெல்ல அங்கிட்டு நகர்த்தி வைத்தார்.

"எங்க வீட்ல கோழியே வளக்குறதில்லம்மா."

கெளுத்தி முள்

எங்கள் கிருமிகள் ஆஸ்பத்திரிப் புண்களிலிருந்து வருபவை. அவற்றில் மகா அடங்காதது கட்டுமாவடி மீனவர் ஒருவருடையது. காலில் கெளுத்தி முள் ஏறி, நாலு மாதமாகப் புண் ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்தாகிவிட்டது. இனியும் ஆறாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சுக் குச்சியால் சீழ் எடுக்கப் போனபோது எதற்கு என்று மீனவர் கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து வாரம் ஒரு போன். விசாரிப்பது என் நலத்தை அல்ல.

"நம்ம கிருமி செத்துச்சா தாயி? இல்ல, ஒஞ் சாப்பாட்டுல இன்னும் கொழுத்துப் போச்சா?"

பொட்டு வைத்த பெட்டி

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை, பதினேழாம் நம்பர் ரசாயனத்தைப் பழைய மருந்தோடு சேர்த்து மீனவரின் கிருமித் தட்டுகளில் விட்டு, உடம்புச் சூட்டில் வைக்கும் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு ஊருக்குப் போனேன். லீவு முடிந்து வந்து திறந்தால் தட்டுகள் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. ஒரு கிருமி இல்லை. புத்தி கெட்டுப்போய் முதல் போனைக் கட்டுமாவடிக்குப் போட்டு, "அண்ணே, செத்துருச்சு" என்றேன். அவர் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்வது எனக்குக் கேட்டது.

பிறகுதான் மருந்தே விடாத தட்டைப் பார்த்தேன். அதில் கிருமி மண்டிக் கிடக்க வேண்டும். அதுவும் சுத்தம். பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. எங்கள் அட்டெண்டர் முத்தையா அண்ணன் பெட்டியின் சுவிட்சை அணைத்து, துடைத்து, பூஜை போடுவதற்காக, நான் கிளம்பிய கையோடு தட்டுகளை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, நான் திரும்பி வந்த அன்று காலையில்தான் திருப்பி அடுக்கியிருக்கிறார். குளிரில் எந்தக் கிருமி வளரும்? நான் கத்தினேன். அவர் அசரவில்லை.

"ஆயுதத்துக்கு வருஷத்துல ஒரு நாளாச்சும் ரெஸ்ட் குடுக்க வேணாமாங்க? பிளேட்டு கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் பத்திரமா ஃபிரிட்ஜுல வச்சேன்."

இருபத்துமூன்று

கட்டுமாவடிக்கு இரண்டாவது போன் போட எனக்கு ஒரு நாள் ஆயிற்று. வெட்கமாக இருந்தது. பதினேழை மறுபடி சோதித்தபோது கிருமி ஜம்மென்று வளர்ந்தது. கடைசியில் உறையை இளக்கியது இருபத்துமூன்றாம் நம்பர். மூன்று தடவை செய்து பார்த்தேன். பெட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தேன். மருந்து விடாத தட்டில் கிருமி மண்டியிருந்தது, மருந்து விட்டதில் ஒன்றுமில்லை.

கேள்விப்பட்டு, கட்டுப் போட்ட காலோடு அவரே ஆட்டோவில் வந்துவிட்டார். ஆய்வகக் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்று தட்டைக் காட்டினேன். இனி எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் மனிதருக்கு, அதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்று விளக்கினேன். அவர் தட்டைப் பார்த்தார், பிறகு தன் பாதத்தைப் பார்த்தார்.

"தட்டுக்குக் கொணமாயிருச்சு, சந்தோசம் தாயி. டாக்டரு எனக்கு அடுத்த செவ்வாக்கெழமைதான் கெடு வச்சிருக்காரு."